ஒளிக்கு ஒரு மடை

அந்த ஆய்வறையில் லேசர் ஒன்று, மேசைகள் இரண்டு. வில்லங்கம் அங்கேதான் பிறந்தது.

சன்னலோர மேசை பெரியவருடையது. கதவோர மேசை சின்னவருடையது. பெரியவர், சின்னவர் என்பவை ஆய்வகத்தார் அவர்களுக்கு இட்டு நிலைத்துவிட்ட பெயர்கள். இருவரும் உடன்பிறந்தார் அல்லர். அக்காளை ஒருவரும் தங்கையை மற்றவரும் மணந்த சகலைகள். இரும்புப் பலகை போர்த்திய அவ்விரு மேசைகளிலும் சிறு கண்ணாடிகள் வரிசை வரிசையாக நின்றன. நடுவே, காற்று முழுவதும் உறிஞ்சப்பெற்ற ஒரு குடுவை. அதனுள்ளே ருபீடியம் என்னும் உலோகத்தின் ஆவி, இருக்கிறதா இல்லையா என்று ஐயுறத்தக்க அளவில் திரியும். ஆறு திசைகளிலிருந்தும் லேசர் ஒளியை உள்ளே செலுத்தினால், தறிகெட்டு ஓடும் அணுக்கள் வேகம் தணிந்து குடுவையின் நடுவில் ஒரு பொட்டாகத் திரண்டு ஒளிரும். அணுவின் ஓட்டம்தான் வெப்பம். ஓட்டம் அடங்கினால் குளிர்ச்சி. அந்தப் பொட்டைக் கூட்டம் என்பார்கள். மேசைக்கு ஒரு கேமராவும் ஒரு திரையும் உண்டு. கூட்டம் கூடிற்றா என்பதை அத்திரையில் காணலாம்.

லேசர்ப் பெட்டியிலிருந்து புறப்படும் ஒளி, பித்தளை வளையத்துள் பொருத்திய மெல்லிய தகடு ஒன்றைக் கடந்தே இரு மேசைகளுக்கும் பிரிந்து செல்லும். வளையத்தை இடப்புறம் திருகினால் சன்னலோரத்திற்கு ஒளி மிகும். வலப்புறம் திருகினால் கதவோரத்திற்கு மிகும். ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைவதே. முன்னர் அங்குப் பணியாற்றிய ஒருவர் அதற்கு மடை என்று பெயரிட்டார். ஒரே வாய்க்கால் இரண்டு வயல்களுக்குப் பாயும் ஊரில் பிறந்தவர் போலும். மடையின் பொறுப்பு, மூத்தவர் என்னும் முறையில், பெரியவருடையது. பங்கு சரிபாதி என்பது அறையின் வழக்கம்.

சின்னவரை அக்குடும்பத்திற்குள் கொண்டுவந்தவரும் பெரியவரே. மாமனார் இளைய மகளுக்கு வரன் தேடிச் சலித்திருந்த காலத்தில், "எங்க லேப்ல ஒரு பையன் இருக்கான், கெட்டிக்காரன், குணமும் தங்கம்," என்று தாமே முன்வந்து சொன்னார். தம்மைப் போன்று வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் எவரும் இலர் என்று பின்னாளில் அவர் தமக்குள் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. ஏனெனில், பையனுடைய கெட்டிக்காரத்தனம் ஆய்வகத்தில் இருந்தவரை அவருக்குப் பெருமையாக இருந்தது. அதுவே மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து அமர்ந்தபின் தொண்டையில் முள்ளாகிவிட்டது.

ஒரு ஞாயிறு நண்பகல் அந்த மேசையில் எல்லாரும் அமர்ந்திருந்தனர். மாமனார் வாழ்நாள் முழுவதும் மின்விசிறிக் கடை நடத்தி ஓய்ந்தவர்.

"பெரிய மாப்பிள்ளை, நான் கோவிச்சுக்கற மாதிரி கேக்கலை. காத்தடிச்சா குளிரும். அதை வித்துத்தான் ரெண்டு பொண்ணையும் வளர்த்தேன். வெளிச்சம் பட்டா சூடாகும், வெயில்ல நின்னாலே தெரியும். நீங்க என்னடான்னா லேசரைப் போட்டு குளிர வைக்கிறோம்ங்கறீங்க."

பெரியவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். இக்கேள்விக்கு அவர் ஆண்டுக்கணக்கில் விடை சொல்லி வந்திருக்கிறார். உந்தம், ஒளித்துகள், உறிஞ்சல், உமிழ்தல் என்று அவர் தொடங்கியவுடன் மாமனாரின் கண்கள் மெல்லக் கூரைக்குச் சென்றுவிடும். ஐந்தாம் சொல்லில் "சரி, சாப்பிடுங்க" என்பார். அன்றும் உந்தம் என்பதுவரை வந்தாயிற்று.

"மாமா, உங்க கடை வாசல்ல லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருமில்ல?" என்று குறுக்கிட்டார் சின்னவர்.

"ராப்பகலா வரும்."

"கிட்ட வர்றப்ப சத்தம் எப்படி இருக்கும்?"

"கீச்சுனு இருக்கும். தாண்டிப் போனதும் தொங்கிப்போயிடும்."

"வெளிச்சமும் அப்படித்தான். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியில வர்ற வெளிச்சத்தைத்தான் அது வாங்கும். நாங்க வேணும்னே ஒரு இழை கீழ் சுருதியில வைப்போம். சும்மா நிக்கற அணுவுக்கு அது அவ்வளவா ஒட்டாது. எதிர்ல ஓடி வர்ற அணுவுக்கு மட்டும் கொஞ்சம் கீச்சா, சரியான சுருதியில படும். உடனே வாங்கிக்கும். வாங்கினா நெஞ்சுல கை வெச்சுத் தள்ளின மாதிரி ஒரு தள்ளு."

"அது திரும்பி வேற பக்கம் ஓடினா?"

"அந்தப் பக்கமும் ஒரு வெளிச்சம் காத்துக்கிட்டு இருக்கும். முன்ன, பின்ன, வலது, இடது, மேல, கீழ."

மாமனார் ஆறு பக்கங்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார். "அட, இது கல்யாண மண்டபத்துல நான் மாட்டிக்கிட்ட கதைதானே. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு சொந்தக்காரன் வந்து நெஞ்சைப் புடிச்சு நிறுத்துவான். கடைசியில நட்ட நடுவுல நின்னுட்டேன்."

"அதேதான் மாமா."

"இத்தனை வருஷமா பெரிய மாப்பிள்ளை ஏதோ மந்திரம் சொல்றார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

எல்லாரும் சிரித்தனர். பெரியவரும் சிரித்தார், வாயால் மட்டும். சொல்லப்பட்டதில் பிழை ஏதேனும் உண்டா என்று அவர் மனம் துருவிற்று. இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவர் மனைவி கேட்டார்: "ஏன் உர்ருனு வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல. லாரி, ஹாரன்னு... அறிவியலை இப்படியா மலினப்படுத்துறது?"

"அப்பாவுக்குப் புரிஞ்சுதில்ல?"

"புரிஞ்ச மாதிரி இருக்கும்."

"பங்காளிக் காய்ச்சல்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் அவர், பையைத் தோள் மாற்றிக்கொண்டு. "சகலைக் காய்ச்சலை இப்பத்தான் பாக்கறேன். மாத்திரை ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

அதற்கு மறுநாள்தான் துறைத்தலைவி இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். எந்தச் சொல்லையும் நிறுத்துப் பார்த்தே வெளியே விடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்ற பெயர் வழங்கியது. அது அவருக்கும் தெரியும்.

"புவியீர்ப்பை நுட்பமா அளக்கற கருவி ஒண்ணு நம்ம அறையில கட்டப் போறோம்," என்றார் அவர். "அதுக்கு மொத்த லேசரும் வேணும். ரெண்டு மேசை தாங்காது. மாசக் கடைசியில நான் வந்து பாக்கறேன். எந்த மேசையில கூட்டம் அதிகமா குளிர்ந்திருக்கோ, கருவி அங்க. அந்த மேசைக்காரர்தான் அதுக்குப் பொறுப்பு. இன்னொரு மேசையைக் கழட்டிடலாம்."

கழற்றிவிடலாம் என்ற சொல் பெரியவரின் செவியில் தங்கிற்று. சன்னலோர மேசையின் ஒவ்வொரு கண்ணாடியையும் அவரே கையால் நிறுத்தியவர். எந்தத் திருகு எந்தப் பக்கம் பிடிவாதம் செய்யும் என்பதை, பிள்ளைகளின் குணத்தைப் போல, அறிந்தவர். அம்மேசை போனபின் தாம் யார்? சகலையின் மேசைக்குத் துணைவர். மாமனார் வீட்டில் அதை எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டியதில்லை, சின்னவரே லாரி, ஹாரன் என்று அழகாக விளக்கிவிடுவார்.

மறுநாட்காலை அவர் மற்றெவர்க்கும் முன்பாக வந்தார். மடை வளையத்தை ஒரு மயிரிழை இடப்புறம் திருகினார். தம் பக்கத்து ஒளியிழையில் சிறிது இழப்பு இருக்கிறது, அதை ஈடு செய்வது நியாயமே என்று காரணம் கற்பித்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் மீண்டும் ஒரு மயிரிழை. அன்று காரணம் ஒன்றும் கற்பிக்கவில்லை.

ஒளியின் வலுவைக் காட்டும் மீட்டர் அவ்வறையில் ஒன்றே இருந்தது. பெரியவருடையது பழுதுபார்க்கப் போய் வராமற்போனதனால், இருந்த ஒன்று எப்போதும் சின்னவர் மேசையிலேயே கிடக்கும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சின்னவர் அதை ஒளியின் வழியில் பிடித்துப் பார்ப்பார். ஆதலின் அவர் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை.

"சகலை, என் பக்கம் வெளிச்சம் குறையுதே."

"வெளிச்சம் வர்ற ஃபைபர் முனையில தூசி இருக்கும். துடைச்சுப் பாருங்க," என்றார் பெரியவர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சின்னவர் துடைத்தார். மறுநாளும் துடைத்தார். அதற்கடுத்த நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைத்தார். "பளிங்கு மாதிரி இருக்கு சகலை."

"அப்ப பொருத்தின கோணத்துல பிசகு இருக்கும்."

சின்னவர் கோணத்தையும் சரி பார்த்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பெரியவரின் திரையில் கூட்டம் நாளொரு மேனியாகப் பருத்தது. ஒளி மிகுந்தால் மிகுதியான அணுக்கள் வந்து சேரும்; அது இயல்பு. முதலில் மிளகளவு இருந்தது, பின்னர் நாவற்பழம் அளவாயிற்று. வேறு அறைகளிலிருந்து வருவோர் அவர் திரை முன் நின்று, "என்னங்க, தீபம் மாதிரி எரியுது," என்றார்கள். சின்னவர் திரையிலோ மங்கிய ஒரு கடுகு. பெரியவர் தம் திரையைப் பார்ப்பதைவிட அடுத்தவர் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பதே மிகுதி. அந்தக் கடுகு எத்தனை சிறுத்ததோ அத்தனை ஆறுதல்.

ஆயினும் முழு ஆறுதல் கிட்டவில்லை. ஏனெனில், கடுகை வைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு முற்பகல் பெரியவர் தேநீர்க் கோப்பையுடன் கதவோரமாகச் சென்றபோது, சின்னவர் உள்ளங்கையைக் கன்னத்திற்கு முட்டுக்கொடுத்து, அந்த மங்கற்பொட்டைத் தொட்டிற் குழந்தையைப் பார்ப்பவர்போலப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, அப்படி என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. சும்மா அழகா இருக்கு."

நாவற்பழம் உள்ளவருக்குக் கடுகுள்ளவர்மீது வயிறு எரிந்தது. அழகாக இருக்கிறதாம். இல்லாதவனுக்கு எங்கிருந்து வருகிறது இந்த நிறைவு? அதையும் வளையம் திருகி எடுத்துக்கொள்ளக் கூடுமானால் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். கூடாமையால் மறுநாள் ஒளியையே இன்னும் சற்று எடுத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் அத்தொழிலின் நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அணுக்களைக் கூட்டுவது ஒரு கட்டம். கூட்டியவற்றைக் கடைசி எல்லைவரை குளிர்விப்பது இன்னொரு கட்டம். கூட்டுவதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். கடைசிக் குளிர்ச்சிக்கோ ஒளி குறையக் குறைய நல்லது. மிகுந்த ஒளி, அடங்கிய அணுக்களையே மீண்டும் தட்டியெழுப்பிவிடும். ஆகையால், கடைசிக் கட்டம் வந்தவுடன் ஒளியைத் தானாகவே பாதியாக்கும் பொறி இரண்டு மேசைகளிலும் இருந்தது. ஒளி சரிபாதியாகப் பங்கிடப்பட்ட நாளில் அமைத்த பொறி அது. இப்பாடத்தைப் பெரியவர் பலருக்குக் கற்பித்தவர். சின்னவரும் அவரிடம்தான் கற்றார்.

ஆனால் பாதி என்பது எதனுள் பாதி? பெரியவருக்கு வந்த ஒளி ஏறிக்கொண்டே போயிற்று. அதில் பாதியும் ஏறிக்கொண்டே போயிற்று. பொறியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று அவருக்கு ஓரிரு முறை தோன்றாமல் இல்லை. திருத்துவதற்கு ஒளியை அளக்க வேண்டும். அளப்பதற்கு மீட்டரை வாங்க வேண்டும். வாங்கினால், எதற்கு என்று சகலை கேட்பார். பிறகு தம் கையாலேயே தம் திருட்டை அளந்து, அவர் கண்முன் எண்ணாகக் காட்டுவதாக முடியும். அதனால், "நம்ம பாதி சரியாத்தான் இருக்கும்," என்று விட்டுவிட்டார். திரையில் எரிந்த தீபத்தைப் பார்க்கும்போது ஐயமும் வருவதில்லை.

மாதக் கடைசியில், காலை வெயில் சன்னலைத் தொட்ட வேளையில், தராசு வந்தார். நாற்காலியை இரு மேசைகளுக்கும் நடுவில், எவர்பக்கமும் சாயாதபடி, இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

குளிர்ச்சியை அளக்கும் முறை எளியது. கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒளியையும், குடுவையைச் சுற்றியுள்ள காந்தச் சுருளையும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். பிடி விட்ட அணுக்கள் கலையத் தொடங்கும். சிறிது பொறுத்து ஒருமுறை ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுத்தால் எவ்வளவு கலைந்தன என்று தெரியும். சூடுள்ளவை விரைந்து கலையும். குளிர்ந்தவை தயங்கித் தயங்கி நகரும்.

முதலில் சன்னலோர மேசை. நாவற்பழத்தைக் கண்ட தராசு, "பெருசா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அத்தனை பெரிய பாராட்டு வந்து எவரும் கேட்டதில்லை. பெரியவர் ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். அடுத்த படத்தில் பழம் தட்டளவு ஆகியிருந்தது. அதற்கடுத்த படத்தில், கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம்போல எல்லாம் சிதறி, திரையில் வெறும் புகைதான் எஞ்சிற்று. கணிப்பொறி ஓர் எண்ணைக் காட்டிற்று. இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே மேசையில் வந்த எண்ணைவிட அது மோசம்.

பெரியவர் மறுபடி பொத்தானில் விரலை வைத்தார். "இன்னொரு தடவை எடுக்கறேன் மேடம்."

"எடுங்க."

இன்னொரு தடவையும் அதே பள்ளிக்கூடம், அதே மணி.

அடுத்துக் கதவோர மேசை. கடுகு. பிடி விட்ட பிறகும் கடுகு. மேலும் பொறுத்து எடுத்த படத்தில் சற்றே பருத்த கடுகு. வசதியான நாற்காலியில் அமர்ந்துவிட்ட விருந்தாளியைப்போல, எழுந்து செல்ல மனமின்றி அப்படியே இருந்தது. கணிப்பொறி காட்டிய எண்ணைத் தராசு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார்.

"இந்த அறையில இவ்வளவு கீழ யாரும் போனதில்ல. எப்படிப் போனீங்க?"

"வெளிச்சம் கம்மியா இருந்தது மேடம். அதான்," என்றார் சின்னவர்.

"ஏன் கம்மி?"

பெரியவர் வளையத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், நினைத்தமையாலேயே பார்த்தார்.

"மடையைப் பெரியவர்தான் பாத்துக்கறார்," என்றார் சின்னவர் நிதானமாக. "அவர்தான் எனக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தார். அதுக்கு ஏத்த மாதிரி நானும் கண்ணாடியையெல்லாம் திருத்திக்கிட்டே வந்தேன். கடைசியில இங்க வந்து நிக்குது."

தராசு திரும்பினார். "யோசிச்சுத்தான் குறைச்சீங்களா?"

ஆம் என்று ஒரு சொல் போதும். அச்சொல் பெரியவரின் நாவின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த எண்ணில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கும். ஆனால் அவர் சகலையின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை, கோபம் இல்லை. எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத முகம் அது. குளிர்ச்சியும் அவனுக்கு, மேசையும் அவனுக்கு, மாமனாரும் அவனுக்கு. மிஞ்சியிருந்தது தம் திருட்டு ஒன்றே. அதையும் மன்னித்துத் தூக்கிக்கொண்டு போன பெருமையும் அவனுக்கேயா போய்ச் சேர வேண்டும்? இந்த ஒன்றையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது.

"இல்ல மேடம்," என்றார் பெரியவர். "யோசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கூட்டம் பெருசா தெரியணும்னு எடுத்துக்கிட்டேன். தினமும் காலையில வந்து எடுத்துக்கிட்டேன். அவருது சின்னதாகணும்னும்தான்."

தம் குரலில் ஒரு வகை வெற்றி ஒலித்ததை அவரே கேட்டார்.

தராசு வளையத்தைத் திரும்பிப் பார்த்தார். "எப்பலருந்து?"

"ஒரு மேசைதான்னு நீங்க சொன்னதுலருந்து."

"ஒரே வாய்க்கால்ல ரெண்டு வயலை வெச்சு, யார் விளைச்சல் பெருசுன்னு கேட்டது நான். அதுல என் பங்கு என்னன்னு அப்புறம் யோசிக்கறேன்." அவர் எழுந்து நாற்காலியை முன்பிருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். "ஆனா எண் எண்தான். கருவி கதவோர மேசையில. சன்னலோரத்தைக் கழட்டிடுங்க. மடையை இனிமே யார் பாத்துக்கறது?"

"அவரே பாத்துக்கட்டும் மேடம்," என்றார் சின்னவர்.

"உங்களுக்குச் சம்மதம்னா சரி."

தராசு சென்ற பின்னர்ப் பெரியவர் வெடித்தார்; குரலை உயர்த்தாமலே வெடித்தார். "என்ன சகலை, புண்ணியம் தேடறீங்களா? மடையையும் எனக்கே தூக்கிக் கொடுக்கறதுல அவ்வளவு சந்தோஷமா?"

"என்ன புண்ணியம்?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலை. பெரிய மனுஷத்தனம்."

சின்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூசி தூசின்னு தேய்ச்சு ஃபைபர் முனையே தேஞ்சுபோச்சு சகலை. அப்புறம்தான் சந்தேகம் வந்து ஒரு நாள் சீக்கிரமா வந்தேன். கதவுக் கண்ணாடி வழியா நீங்க வளையத்தைத் திருகறது தெரிஞ்சுது. சட்டையைப் புடிச்சுக் கேக்கணும்னுதான் இருந்தது."

"கேக்க வேண்டியதுதானே?"

"நீங்க தேநீர் குடிக்கப் போயிட்டு வரட்டும்னு பொறுத்தேன். அதுக்குள்ள சும்மா ஒரு படம் எடுத்துப் பாத்தேன். முந்தின நாளைவிடக் கூட்டம் மெதுவா கலையுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவர் திருடத் திருட நமக்கு நல்லதாயில்ல நடக்குது. கேட்டா நிறுத்திடுவீங்களேன்னு வாயே திறக்கலை." அவர் தயங்கினார். "தினமும் வந்ததும் மீட்டரைப் புடிச்சுப் பாப்பேன். குறையலைன்னா கவலையா இருக்கும், சகலைக்கு உடம்பு சரியில்லையோன்னு."

பெரியவர் சகலையை உற்று நோக்கினார். தங்கமான குணம் என்று தாமே சான்று சொல்லி அழைத்து வந்த அந்த முகத்தில், முதன்முறையாக, ஒரு சாதாரணக் கள்ளனைக் கண்டார். திருடியவர் இவர், திருட்டை வட்டியோடு அனுபவித்தவர் அவர். அந்த எண்ணத்தில் ஏதோ ஒரு முள் தொண்டையைவிட்டு இறங்கினாற்போல் இருந்தது. முழுதும் இறங்கவில்லை, திருட்டிலும் சகலையே கெட்டிக்காரராக இருந்துவிட்டார் அல்லவா?

"இதை மாமாகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"லாரிக் கதை மாதிரி சொல்ல வராது. நீங்களே சொல்லுங்க."

அன்று மாலையே பெரியவர் தம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒருமுறை கை நின்றது.

"காய்ச்சல் விட்டுதா?"

"விடலை."

"விட்டுடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்று அவர் மடிப்பைத் தொடர்ந்தார்.

சன்னலோர மேசையைக் கழற்றும் வேலை அந்த வாரம் நடந்தது. பெரியவர் திருகுகளைத் தளர்த்த, சின்னவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வாங்கி மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். அவர் விரல்பட்ட அடையாளம் ஒன்றிலும் இல்லை. அதுவும் பெரியவருக்கு உறுத்தலாகவே இருந்தது. பிடிவாதக்காரத் திருகு வந்தபோது, "அது அந்தப் பக்கம் திரும்பாது, இந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டணும்," என்றார். சின்னவர் தட்டினார், திருகு உடனே கழன்று வந்தது. அந்தத் திருகுக்கும் நன்றி என்பதே இல்லை.

மேசை வெறும் இரும்புப் பலகையான பின்னர், இறுதியாக எஞ்சியது மடை. சின்னவர் கைப்பேசியில் மனைவியோடு பேசிக்கொண்டு நடைவழிக்குச் சென்றார். பெரியவர் தனியே வளையத்தின் முன் நின்றார்.

கை தானாகவே சென்று பற்றிற்று. அந்த மாதம் முழுவதும் பழகிய கை. ஒளி முழுவதும் இனிச் சகலைக்கே. ஒரே திருகில் அவ்வளவையும் வலப்புறம் தள்ளிவிடலாம். தள்ளினால்? கொடையாளி என்று உலகம் சொல்லும். சகலையின் கூட்டமோ பருத்து, சூடேறி, மணியடித்த பள்ளிக்கூடமாகும். கெடுதல் செய்ய விரும்பினால் வாரி வழங்க வேண்டும். நன்மை செய்ய விரும்பினால் பழையபடி திருட வேண்டும். கூட்டும் கட்டத்திற்கோ ஒளி வேண்டியிருக்கிறது. அதையும் ஒரேயடியாகக் குறைத்தால் கடுகும் இராது. பெரியவர் இடப்புறம் பார்த்தார், வலப்புறம் பார்த்தார். பொறாமைக்கு உரிய திசை எது என்று அவருக்குப் புலப்படவில்லை. வாழ்வில் முதன்முறையாக அவர் கை வழி தெரியாமல் நின்றது.

நடைவழியில் பேச்சு முடிந்து சின்னவர் உள்ளே வந்தார்.

"சகலை, அந்த மீட்டரைக் கொஞ்சம் குடுங்க," என்றார் பெரியவர்.

"எதுக்கு?"

இந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தான் அவர் தம் மேசையையே இழந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு போதும்னு அளக்கணும். கூட்டறதுக்கு ஒரு அளவு, குளிர வைக்கறதுக்கு ஒரு அளவு. பாதி, பாதின்னு குருட்டுத்தனமா வெச்சது போதும்."

சின்னவர் மீட்டரை எடுத்து வந்து ஒளியின் வழியில் பிடித்தார். பெரியவர் வளையத்தைத் திருகினார். எண் ஏறிற்று, சற்று இறங்கிற்று, மீண்டும் மெல்ல ஏறிற்று. திரையில் கூட்டம் கடுகாகி, மிளகாகி, அதற்கும் மேலே பருக்கப் பார்த்தது.

"நில்லுங்க," என்றார் சின்னவர். "அங்கதான்."

பெரியவர் அதற்கு ஒரு மயிரிழை முன்னதாகவே கையை எடுத்திருந்தார். அதைச் சகலை கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.